விதைக்காத நிலத்துக்கு வாடகை: அமெரிக்கக் கவுண்டியில் சி.ஆர்.பி. பணம் பெறுவதற்கான முழு வழிகாட்டி

கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் பாக்கா கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒரு பக்கம் கான்சாஸ், இன்னொரு பக்கம் ஒக்லஹோமா. மழை குறைவு, காற்று அதிகம். மானாவாரிக் கோதுமையும் சோளமும்தான் அங்கே வெள்ளாமை. இப்படிப்பட்ட ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு, அதில் ஒரு பகுதியை உழாமல் புல் வளரவிட்டால், அமெரிக்க அரசு வருடந்தோறும் வாடகை தருகிறது. கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம் என்பது திட்டத்தின் பெயர், சுருக்கமாக சி.ஆர்.பி.

அங்கே நிலம் வாங்கிய அல்லது கல்யாணம், வாரிசு வழியில் நிலம் வந்து சேர்ந்த தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். கவுண்டி வாரியாக யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்ற பட்டியலைப் பார்த்து, இது எதற்கான பணம் என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏக்கருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் தவறான நிலத்தைத் தவறான காலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க நேரிடும். மண்ணில் இருந்து ஆரம்பியுங்கள். இந்தத் திட்டத்தில் எல்லாக் கணக்கும் மண்ணை வைத்துத்தான் ஓடுகிறது.

இந்தப் பணம் ஏன் வந்தது

1930களுக்கு முன்பே இந்தச் சமவெளியைப் புல் தெரியாமல் உழுதுபோட்டிருந்தார்கள். 1930களில் வறட்சி வந்தது, மேல்மண் காற்றோடு போனது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப் புயலால் பகலே இருண்டது. அந்த நாளை இன்றும் ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். பாக்கா கவுண்டி அந்த அழிவின் நடுவில் இருந்தது. பாழான நிலங்களை அரசே விலைக்கு வாங்கி மறுபடி புல் விதைத்தது. அந்த நிலங்கள்தான் இன்றைய கோமாஞ்சி தேசியப் புல்வெளி.

1956இல் ‘மண் வங்கி’ என்ற பெயரில் ஒரு திட்டம் வந்து போனது. இப்போதுள்ள சி.ஆர்.பி. 1985 டிசம்பரில் கையெழுத்தான உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. 2007இல் 3.68 கோடி ஏக்கர் இதில் இருந்தது, அதுதான் உச்சம். பிறகு வந்த வேளாண் சட்டங்கள் அளவைக் குறைத்தன. 2018 சட்டம் வைத்த உச்சவரம்பு 2.7 கோடி ஏக்கர். அந்தச் சட்டத்தின் காலம் 2023இல் முடிந்தது, அதன்பின் நீட்டித்து நீட்டித்துத்தான் ஓடுகிறது. அதனால் எந்த வருடம் விண்ணப்பித்தாலும் அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

படி 1: உங்களுக்குத் தகுதி உண்டா?

நிலம் உங்கள் பெயரில் குறைந்தது 12 மாதம் இருந்திருக்க வேண்டும். வாரிசாக வந்த நிலத்துக்கு இந்த நிபந்தனை கிடையாது. வருமான வரம்பும் உண்டு: சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தின் மூன்று வருடச் சராசரி 9 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது. ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்ச வாடகை 50,000 டாலர். எல்.எல்.சி. என்ற வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனியின் பெயரில் நிலம் இருந்தாலும் பணம் உறுப்பினர்களின் பங்குப்படி அவரவர் கணக்கில்தான் சேரும். கம்பெனியைப் பிரித்து வரம்பை உயர்த்தப் பார்ப்பது வீண்வேலை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்தது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை இந்தத் திட்டங்கள் ‘வெளிநாட்டு நபர்’ என்று கணக்கில் வைக்கின்றன. அப்படிப்பட்டவர் நிலம், முதலீடு, அதோடு கணிசமான நேரடி உடல் உழைப்பு மூன்றையும் தந்தால்தான் பணம் பெறத் தகுதி. எச்-1பி விசாவில் டல்லாஸிலோ சியாட்டிலிலோ வேலை பார்த்துக்கொண்டு கொலராடோ நிலத்தில் நேரடி உழைப்பைக் காட்டுவது நடக்கிற காரியம் இல்லை.

பணம் வேண்டாம் என்றாலும் அவர்களுக்கு ஒரு கடமை பாக்கி இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டு நபர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போடலாம். பத்திரம் எழுதும்போது இதை யாராவது ஞாபகப்படுத்துவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். விசாவில் இருந்தபோது வாங்கி, இதுவரை தெரிவிக்காமல் இருந்தால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

படி 2: மண்ணைப் பாருங்கள்

விவசாயத் துறையின் மண் வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வெப் சாயில் சர்வே என்று தேடினால் வரும். உங்கள் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டால் எந்த ஏக்கரில் என்ன மண் என்று காட்டிவிடும்.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அரிப்புக் குறியீடு. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ‘மிகுந்த அரிப்புக்குள்ளாகும் நிலம்’, பொதுச் சேர்க்கைக்கு (படி 4இல் சொல்கிறேன்) தகுதி தரும் வழிகளில் முக்கியமானது. பாக்கா போன்ற இடத்தில் தண்ணீரை விடக் காற்றால் வரும் அரிப்புதான் இந்த எண்ணைத் தூக்குகிறது. இரண்டாவது, பயிர் வரலாறு. 2018 சட்டப்படி, 2012 முதல் 2017 வரையிலான ஆறு வருடத்தில் நான்கு வருடமாவது அந்த நிலத்தில் பயிர் வைத்திருக்க வேண்டும், அல்லது வைத்ததாகக் கணக்கில் இருக்க வேண்டும். எப்போதுமே மேய்ச்சலாகக் கிடந்த நிலத்துக்குப் புல்வெளிச் சேர்க்கை என்று தனி வழி உண்டு. மூன்றாவது, நீரோடை, ஈரநிலம், சரிவு எங்கே இருக்கிறது என்பது.

அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கர், முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. மணல் மேடாக 50, 60 ஏக்கர் இருக்கும். காற்று அடித்த மறுநாள் வேலியோரம் மணல் குவிந்து கிடக்கும். வறண்ட வருடத்தில் கோதுமை முழங்கால் உயரம்கூட வராது. அந்த ஏக்கர்கள்தான் இந்தத் திட்டத்துக்கானவை. நல்ல கருப்பு மண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுக்காதீர்கள். அதில் குத்தகைக்காரர் விளைவிக்கட்டும். கவுண்டியும் பிழைக்க வேண்டும்.

ஏனென்றால் ஊரில் பாதி நிலம் புல்லாகிவிட்டால் விதை வியாபாரி, டீசல் பங்க், தானியக் கிடங்கு எல்லாமே படுத்துவிடும். அதனால்தான் ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் இந்தத் திட்டத்தில் சேர்க்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. விலக்கு உண்டு. உங்கள் கவுண்டி வரம்பை நெருங்கிவிட்டதா என்று அலுவலகத்தில் முதல் கேள்வியாகவே கேளுங்கள். நிறைந்துவிட்டிருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

படி 3: அலுவலகமும் காகிதமும்

இந்தத் திட்டத்தை நடத்துவது ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி என்ற எஃப்.எஸ்.ஏ. தொழில்நுட்ப ஆலோசனை தருவது என்.ஆர்.சி.எஸ். பெரும்பாலும் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கும். பாக்கா கவுண்டிக்கு அது ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் இருக்கிறது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

நிலப் பத்திரம், அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு விவரம், எல்.எல்.சி. அல்லது டிரஸ்ட் என்றால் அதன் ஆவணங்கள், குத்தகை ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல், இவ்வளவும் கையில் இருக்கட்டும். உங்கள் நிலத்துக்கு அவர்களிடம் ஒரு ஃபார்ம் எண், டிராக்ட் எண், வயல் எண் இருக்கும். வான்வழிப் படத்தின் மேல் அச்சிட்ட அந்த வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். பிறகு வரும் எல்லாப் பேச்சும் அந்த எண்களில்தான் நடக்கும்.

நிரப்ப வேண்டியவை: ஏ.டி.-1026 (அரிப்பு நிலம், ஈரநிலம் தொடர்பான உறுதிமொழி), சி.சி.சி.-902 (பண்ணையை யார் நடத்துகிறார்கள்), சி.சி.சி.-941 (வருமான உறுதிமொழி), விண்ணப்பத்துக்கு சி.ஆர்.பி.-2, ஒப்பந்தத்துக்கு சி.ஆர்.பி.-1. இதற்குப் பின்னிணைப்பு ஒன்று உண்டு. யாரும் படிப்பதில்லை, ஆனால் உண்மையான ஒப்பந்தமே அதில்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குத்தகைக்காரர் இருந்தால் அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். பங்கு கொடுப்பதா, எப்படி என்பதை நியாயமாக முடிக்க வேண்டும். திட்டத்தில் சேர்ப்பதற்காக அவரை வெளியேற்றியதாகத் தெரிந்தால் விண்ணப்பம் நிற்காது. முடிவெடுக்கும் கவுண்டி கமிட்டியில் இருப்பவர்கள் அந்த ஊர் விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

படி 4: எந்த வாசல் வழியாக நுழைவது

பொதுச் சேர்க்கையில் போட்டி உண்டு. அரசு அறிவிக்கும் நாட்களில் மட்டும் திறக்கும், எல்லா வருடமும் திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சுற்றுச்சூழல் நன்மைக் குறியீட்டில் மதிப்பெண் போட்டு, நாடு முழுவதும் தரவரிசைப்படுத்தி, ஒரு கட்-ஆஃப் வைக்கிறார்கள். வனவிலங்கு, நீரின் தரம், மண் அரிப்பு, நீடித்த பலன், காற்றின் தரம், செலவு ஆகிய ஆறும் கணக்கில் வரும். மண்ணுக்கான மதிப்பெண்ணை உங்களால் மாற்ற முடியாது. இரண்டை மாற்றலாம். என்ன விதைக்கிறீர்கள் என்பது ஒன்று: ஒரே வெளிநாட்டுப் புல்லை விதைப்பதைவிட, நாட்டுப் புற்களும் பூக்கும் செடிகளும் கலந்த கலவைக்கு மதிப்பெண் கூடும். கேட்கும் வாடகை மற்றொன்று: உச்ச வாடகைக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் செலவுப் பகுதியில் மதிப்பெண் ஏறும்.

தொடர் சேர்க்கையில் போட்டி இல்லை. நீரோடைக் கரை, வடிகட்டும் புல் பட்டை, புல் வாய்க்கால், ஈரநில மீட்பு, மகரந்தப் பூச்சிகளுக்கான பூச்செடி என்று சின்னச் சின்னத் துண்டுகளுக்கான வழி இது. தகுதி இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அயோவா போன்ற வளமான கவுண்டிகளில் வயலின் ஓரத்தை மட்டும் இதில் போட்டுவிட்டு நடுவே மக்காச்சோளம் விளைவிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். கொஞ்சம் நிலம்தான் போகும், ஆனால் ஓடைக்குள் உரமும் மண்ணும் போவது கண்ணெதிரே குறையும்.

புல்வெளிச் சேர்க்கையில் மேய்ச்சலைத் தொடரலாம், நிலத்தை உழுவதும் பிளாட் போடுவதும்தான் கூடாது. வாடகை குறைவு: மேய்ச்சல் மதிப்பில் 75 சதவீதம் வரை.

படி 5: பணக் கணக்கு

வயலில் அதிகமாக உள்ள மூன்று மண் வகைகளையும், அந்தக் கவுண்டியின் மானாவாரிக் குத்தகைச் சராசரியையும் வைத்து ஒரு மண் வாடகை விகிதம் போடுவார்கள். 2018 சட்டப்படி பொதுச் சேர்க்கையில் அதில் 85 சதவீதம், தொடர் சேர்க்கையில் 90 சதவீதம் உச்சம். தொடர் சேர்க்கைக்குத் தனியாக ஊக்கத்தொகையும் உண்டு.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை எண் எடுத்துக்கொள்வோம். 60 ஏக்கர் மணல் மேடு, விகிதம் 40 டாலர். 85 சதவீதம் என்றால் ஏக்கருக்கு 34 டாலர், வருடத்துக்கு 2,040 டாலர். ஒப்பந்தம் பத்து வருடம் என்றால் மொத்தம் 20,400. புல் விதைக்க 6,000 டாலர் செலவானால் பாதி வரை, அதாவது 3,000, அரசு தரும். மீதி உங்கள் கையிலிருந்து. அப்படியென்றால் முதல் ஒன்றரை வருட வாடகை விதைக்கே போய்விடும். இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

இன்னொன்று: வாடகை ஒப்பந்தக் காலம் முழுக்க அதேதான். கோதுமை விலை ஏறினாலும் விலைவாசி ஏறினாலும் 34 டாலர் 34தான். நிலத்துக்கு ‘பேஸ் ஏக்கர்’ (பழைய பயிர்க் கணக்கை வைத்து மானியத்துக்காக அரசு பதிந்து வைத்திருக்கும் ஏக்கர்) இருந்து அதற்கு வேறு மானியம் வந்துகொண்டிருந்தால், சி.ஆர்.பி.யில் போடும்போது அதில் ஒரு பகுதி ஒப்பந்தக் காலம் வரை குறையலாம். எவ்வளவு குறையும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும். வரிக்கு 1099-ஜி படிவம் வரும். வாடகைக்கு வருமான வரி உண்டு. சுயதொழில் வரியும் உண்டா என்பதில்தான் சண்டை. விவசாயம் செய்யாத உரிமையாளருக்கு அந்த வரி இல்லை என்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது, வரித்துறை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அயோவா, நெப்ராஸ்கா, டகோட்டாக்கள் எல்லாம் அந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகின்றன, கொலராடோ வராது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குபவருக்கு இந்த வரி கிடையாது என்பது சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. விவசாயக் கணக்குத் தெரிந்த ஆடிட்டரைப் பிடியுங்கள்.

உங்கள் பெயரும் தொகையும் பொதுவெளிக்கு வரும் என்பதும் தெரிந்திருக்கட்டும். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு அரசிடமிருந்து தகவல் பெற்று, கவுண்டி வாரியாகப் பெறுநர் பட்டியலை இணையத்தில் போடுகிறது. பொதுப் பணம் எங்கே போகிறது என்று மக்கள் பார்ப்பது நியாயம்தான். அந்தப் பட்டியலைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய தொகை தெரிந்தால் அது எத்தனை வருடத்தின் கூட்டுத்தொகை என்பதையும், எந்தத் திட்டத்துப் பணம் என்பதையும் பாருங்கள். பயிர்க் காப்பீட்டு மானியமும் சி.ஆர்.பி. வாடகையும் ஒன்றல்ல.

படி 6: புல் வளர்ப்பது

இங்கேதான் முதல் முறை செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். காகித வேலையைக் கஷ்டம் என்று நினைப்பவர்கள் முதல் கோடையில் தங்கள் வயலைப் பார்த்தால் அசந்துபோவார்கள்.

என்.ஆர்.சி.எஸ். தரும் பாதுகாப்புத் திட்டத்தில் எந்தப் புல், ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது என்று எல்லாம் எழுதியிருக்கும். பாக்கா பக்கத்தில் வழக்கமான முறை இது: முதலில் தீவனச் சோளம் விதைத்து, வளர்ந்ததும் அறுத்துத் தாளை அப்படியே நிற்க விடுவார்கள். காற்றை அந்தத் தாள் தடுக்கும், மண்ணில் ஈரம் நிற்கும். குளிர்காலத்திலிருந்து வசந்தத் தொடக்கத்துக்குள் அந்தத் தாளுக்கு நடுவே நாட்டுப் புல்லை விதைப்பார்கள்: சைட்ஓட்ஸ் கிராமா, புளூ கிராமா, லிட்டில் புளூஸ்டெம், வெஸ்டர்ன் வீட்கிராஸ், இப்படி ஒரு கலவை. அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போனால் பல விதைகள் வெளியே வராது. பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும் விதைகள் சாதாரணக் கோதுமை விதைப்பானில் இறங்காது, அடைத்துக்கொள்ளும். அதற்கென்று உள்ள புல் விதைப்பானை வாடகைக்கு எடுங்கள்.

விதை வாங்கும்போது மூட்டை எடையைப் பார்க்காதீர்கள். சுத்தமான, முளைக்கும் விதை எவ்வளவு என்ற கணக்குதான் செல்லும். மூட்டையில் தைத்திருக்கும் டேக்கில் சுத்தம், முளைப்புத்திறன் இரண்டும் அச்சிட்டிருக்கும். அந்த டேக்கையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், அரசின் பாதிப் பங்கைக் கேட்கும்போது இவைதான் சாட்சி.

முதல் வருடம் வயலெங்கும் கோச்சியாவும் உருளும் முட்செடியும்தான் தெரியும். விதைத்த புல் அடியில் நூல் மாதிரி இருக்கும், மண்டிபோட்டுப் பார்த்தால்தான் தெரியும். உழுதுவிடாதீர்கள். களை விதை கட்டும் முன் உயர்த்தி வெட்டி விடுங்கள், அதையும் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். புல் நிலைக்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

படி 7: பத்து வருடம் காப்பாற்றுவது

ஒவ்வொரு வருடமும் எஃப்.எஸ்.ஏ.-578 படிவத்தில் நிலக் கணக்குக் கொடுக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் மறப்பது இதைத்தான். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வெட்டுவதோ மருந்தடிப்பதோ கூடாது. தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை. அழகுக்காக வெட்டவே கூடாது. ஒப்பந்தத்தின் நடுவில் ஒருமுறை தீயிடுவது, லேசாக வட்டுக்கலப்பை ஓட்டுவது போன்ற பராமரிப்பு வேலையும் திட்டத்தில் எழுதியிருக்கும்.

வைக்கோலுக்கு வெட்டவோ மாடு மேய்க்கவோ அனுமதி வாங்கிச் செய்யலாம், சில நேரம் அந்த வருட வாடகையில் 25 சதவீதம் பிடிப்பார்கள். கடும் வறட்சியில் அவசர மேய்ச்சல் திறந்தால் பிடித்தம் இல்லை. வேட்டைக்குக் கட்டணம் வாங்கி ஆள் விடுவதற்குத் தடை இல்லை. கான்சாஸில், டகோட்டாவில் பலருக்கு அது கூடுதல் வருமானம்.

முறித்தால் என்ன ஆகும் என்பதை நம் 60 ஏக்கர் கணக்கிலேயே பார்ப்போம். ஐந்து வருட வாடகை வாங்கிவிட்டு ஆறாவது வருடம் வெளியேறினால்: வாங்கிய 10,200, விதைக்குத் தந்த 3,000, இரண்டுக்கும் வட்டி, அதன்மேல் ஒரு வருட வாடகையில் 25 சதவீதமான 510 டாலர். எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். 2022இல் உக்ரைன் போரால் தானிய விலை ஏறியபோது, கடைசி வருடத்தில் இருந்த ஒப்பந்தங்களை அபராதமின்றி முடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். அப்படி மறுபடி வரும் என்று நம்பி எழுதிக் கொடுக்கக்கூடாது.

நிலத்தை விற்றால், வாங்கியவர் 60 நாளுக்குள் ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அவர் மாற்றவில்லையென்றால் திருப்பிக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். விற்பனை ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு பிரிவு எழுதச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை நிராகரித்தாலோ, மீறல் என்று சொல்லிப் பணம் கேட்டாலோ, கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கவுண்டி கமிட்டி, மாநிலக் கமிட்டி, அதற்கு மேல் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. படத்தோடும் தேதியோடும் நீங்கள் வைத்திருக்கும் கோப்புதான் அங்கே பேசும்.

காலம் முடியும்போது

கடைசி வருடத்துக்கு முந்தைய வருடமே யோசிக்கத் தொடங்குங்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம், வேலி போட்டு மேய்ச்சலாக வைத்துக்கொள்ளலாம், உழவுக்குத் திரும்பலாம். உழவுக்குத் திரும்பினால் அரிப்பு நிலத்துக்கான பாதுகாப்புத் திட்டம் கட்டாயம், இல்லையென்றால் மற்ற மானியங்களும் போகும்.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. புதிதாக விவசாயத்துக்கு வருபவருக்கோ, முன்னாள் படைவீரருக்கோ நிலத்தை விற்றால் அல்லது நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருட வாடகை வரை கூடுதலாக உங்களுக்குக் கிடைக்கும். 2008 சட்டம் கொண்டுவந்த மாற்ற ஊக்கத் திட்டம் இது. வாங்குபவர் சொந்தக் குடும்பத்தினராக இருக்கக்கூடாது. நகரத்தில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள், ஒப்பந்தம் முடிய ஒன்றிரண்டு வருடம் இருக்கும்போதே கவுண்டி அலுவலகத்தில் போய், நிலம் தேடும் இளம் விவசாயிகள் யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.